பீடிக்குக் கொடுத்த தீப்பெட்டி

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் மலம் சோதிக்கும் வரிசை. எல்லோரும் அதைத் தீப்பெட்டியில்தான் கொண்டுவந்திருந்தோம். எனக்கு முன்னால் நின்ற பட்டறைத் தொழிலாளி மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

“பஸ்ஸுல ஒத்தரு பீடி பத்த வைக்கத் தீப்பெட்டி கேட்டாரு மே. மறந்தாப்ல குட்த்துட்டேன்.”

“டெஸ்ட்டுக்கு எடுத்தாந்த பெட்டியவா?”

“வாங்கிக்கினு எறங்கிட்டாரு.”

“ரெண்டு மாசமா ரத்தமா போற. வயித்துல நல்ல கிருமி கொறஞ்சி கெட்டது பெருகிக்கீதான்னு பாக்கணும்னாரு டாக்டரு. நீ இன்னாடான்னா தானம் பண்ணிட்டு வந்துகீற.”

“இப்ப வரலியே மே.”

“நாளுக்குப் பத்து தபா வருது. கேட்டா மட்டும் வராதா?”

அவள் யாரிடமோ தீப்பெட்டி வாங்கிக் குச்சிகளைக் கொட்டுவதற்குள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

“யோவ், பெட்டிய எடுத்துக்கினு போ.”

பைக்குள் என் மகனுடைய பெட்டியை மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.