கை இறங்கும்வரை

பனிக்காலம் முடியப்போகிற சமயத்தில்தான் பூங்கா பார்க்க நன்றாக இருக்கும், ஐயா. மரத்தில் இலை இருக்காது. எதற்கும் ஒளிந்துகொள்ள இடமும் இருக்காது. ஆந்தை, மரங்கொத்தி, அணில் எல்லாம் கண்ணில் அகப்பட்டுவிடும். கோடையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பாவம், இலையைப் படமெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

நானும் டிரைவர் சாரும் ஆறு பனிக்காலம் ஆளுக்கொரு கேமராவோடு இங்கே சேர்ந்து நடந்தோம். அவர் முப்பத்தோரு வருடம் ரயில் ஓட்டியவர். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். அதனால் என்னை ‘எக்ஸ்ரேம்மா’ என்பார். என் கணவர் தவறியபிறகு என்னை ஏதோ ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை நாங்கள் பேசுவதுதான் எனக்கு அன்றைய பேச்சு. அதன்பிறகு மறுநாள் ஏழுமணிவரை என் வாய்க்குச் சாப்பிடுகிற வேலை மட்டும்தான். தனிமையாக இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஏதாவது கண்ணில் பட்டால் வாயைத் திறக்கக் கூடாது, கையைத் தூக்க வேண்டும். கை இறங்கும்வரை மற்றவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நான் சில சமயம் பொறுமை இழந்து நகர்ந்துவிடுவேன். அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை. ஒருமுறை ஓர் ஆந்தைக்காக நான் கை தூக்க, அவர் கால் சேற்றுக் குழியில் இருந்தது. ஷூவுக்குள் தண்ணீர் ஏற ஏற, இருபது நிமிடம் மரம்போல் நின்றார். கிண்டல் செய்தேன்.

“சர்வீஸ்ல ஒரு சிவப்பு சிக்னலக்கூட நான் தாண்டினதில்லம்மா,” என்றார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

போன திங்கட்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டே, மகள் வீட்டோடு போய்விடப்போவதாகச் சொன்னார். வேறு ஊர். சனிக்கிழமை வண்டி. நல்லதுதானே, பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் சரியாகப் படவில்லை. அது பதினான்காவது மாடி. பால்கனிக்கு வலை அடித்திருக்கிறார்களாம். அந்த மனுஷர் அங்கே போய் எதைப் பார்ப்பார்? அவர்மேல் எனக்கிருந்த அக்கறையில் பாதி மகளுக்கு இருந்திருந்தால் அவரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டாள்.

பூங்காக் குளத்து விஷயத்துக்கு வருகிறேன். உறைந்த குளத்தின்மேல் குறுக்கே நடந்தால் அக்கரைக்கு ஐந்து நிமிடம். சுற்றிப் போனால் அரைமணி நேரம். பனிக்கட்டி தாங்குமா என்று கோலால் தட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. எஞ்சின் சத்தத்தில் அவர் காது மந்தமாகிவிட்டது, தட்டுகிற சத்தத்தில் வித்தியாசம் பிடிபடாது. வியாழக்கிழமை சாயங்காலம் நான் தனியாகப் போய்த் தட்டினேன். மற்ற இடமெல்லாம் கெட்டி. ஓடை வந்து சேர்கிற மூலையில் கோல் உள்ளே போய்விட்டது. காவலாளி அங்கே ஒரு சிவப்புப் பலகை நட்டு வைத்திருந்தார். அதைப் பிடுங்கிப் புதருக்குள் போட்டேன். படத்தில் விழுந்தால் அசிங்கமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலக் கேட்டார், தட்டிப் பார்த்தாயிற்றா என்று.

“பாத்துட்டேன் சார். கெட்டியா இருக்கு,” என்றேன்.

ஊருக்குப் போவதற்குள் ஒரு நீர்நாயையாவது எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஓடை மூலைக்குத்தான் வரும் என்றேன். அதில் பொய்யில்லை. தண்ணீர் ஓடுகிற இடத்துக்குத்தான் அது வரும்.

அவர் முன்னால் நடந்தார். நான் கேமராவை முக்காலியில் மாட்டிக்கொண்டு கரையிலேயே நின்றேன். மூலையில் கால் வைத்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினேன். நின்றார்.

நீர்நாய் இருந்ததா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இல்லை.

கொஞ்ச நேரத்தில் கீறல் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் காலில் தெரிந்திருக்கும். பின்னால் இரண்டு எட்டு வைத்திருந்தால் தப்பியிருப்பார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறக்கவில்லை. பொத்தானை அழுத்த இன்னொரு கை போதும்.

உள்ளே போனபிறகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை “எக்ஸ்ரேம்மா” என்று கூப்பிட்டார். கோல் என் பக்கத்தில்தான் சாய்த்து வைத்திருந்தது. நீளமான கோல்தான். அவர் கூப்பிட்டது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். நான்தான் செய்தேன், யோசித்துத்தான் செய்தேன். ஆனால் நாற்பத்து மூன்று படங்களையும் எண்ணிய நீங்கள் கடைசிப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அதில் அவர் நேராக என்னைத்தான் பார்க்கிறார். அந்த முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், ஐயா. மகள் கூப்பிட்டாள் என்பதற்காகக் கிளம்பினாரே தவிர, அவருக்குப் போக மனசே இல்லை.