இருபத்திமூணாம் நம்பர் ஆஜர்

— நின்னுக்கிட்டே பேச வேண்டாம், உட்காருங்கம்மா. ஆனா நீங்க கேக்கிற கடிதத்தை மட்டும் என்னால குடுக்க முடியாது.

— உட்கார வரலை சார். இஸ்திரிப்பெட்டியை அணைச்சு, கடையைச் சாத்திட்டு வந்திருக்கேன். ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்னு நகராட்சியில சொன்னாங்க. 'இந்தப் பொண்ணு படிப்பை நிறுத்திடுச்சு.' அவ்வளவுதான். உண்மையைத்தானே கேக்கிறேன்.

— பாருங்கம்மா, உண்மை வேற, ரிஜிஸ்டர் வேற.

— ரிஜிஸ்டர் என்ன சொல்லுது?

— பத்தாம் வகுப்பு, பி பிரிவு, இருபத்திமூணாம் நம்பர். தினமும் வந்திருக்கா. இன்னைக்குக் காலையிலயும் வந்திருக்கா.

— இன்னைக்குக் காலையில அவ என் கடையில துணி மடிச்சிட்டிருந்தா. எங்கக்கா விழுந்து இடுப்பு போனதுலேர்ந்து, ரெண்டு வருஷமா, வீட்டுக்கும் என் கடைக்கும்தான் அலையறா. நீங்க இருபத்திமூணாம் நம்பர்ங்கிறீங்க. நாங்க குருவின்னு கூப்பிடுவோம்.

— எனக்குத் தெரியும்மா.

— தெரிஞ்சேதான் வந்தான்னு போட்டீங்களா?

— அன்னைக்கு அவ அழுதுக்கிட்டு வந்து நின்னா. அம்மாவை யார் பார்த்துக்கிறதுன்னு.

— ஆமா. 'அம்மாவை நீ பார்த்துக்கோ, அட்டெண்டன்ஸை நான் பார்த்துக்கிறேன்'னு சொன்னீங்களாம். வீட்டுக்கு வந்து, எங்க சார் தெய்வம் சித்தின்னா. நானும் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன், வீட்ல இருந்தபடியே.

— ஒரு வாரத்துல வந்துருவான்னு நெனச்சேம்மா. விஷயம் என்னன்னா, அதுக்கப்புறம்தான் நகராட்சியும் கல்வி அலுவலகமும் சேர்ந்து அந்த ஒப்பந்தத்தைப் போட்டாங்க. இளைஞர் கைகோப்புத் திட்டம்னு பேரு. அதுல எங்க பங்கு, எந்தப் பிள்ளையும் பாதியில படிப்பை விடக் கூடாது. அப்படி ஒரு பிள்ளையும் விடாத பள்ளிக்கூடத்துக்கு நகராட்சி கூரை மாத்திக் குடுக்கும், தண்ணித் தொட்டி கட்டிக் குடுக்கும். நகராட்சியோட பங்கு, படிப்பை விட்ட பிள்ளைங்களுக்குத் தொழில் கத்துக் குடுக்கிறது.

— விட்ட பிள்ளையே இல்லைன்னு நீங்க எழுதிட்டா, அவங்க யாருக்குக் கத்துக் குடுப்பாங்க?

— அதைக் கேக்கிற இடத்துல நான் இல்லைம்மா. தற்காலிக வாத்தியார். வருஷா வருஷம் நீட்டிச்சாத்தான் வேலை.

— சொல்லப்போனா அந்தத் தொழிலை வேற எங்கேயாவது கத்துக் குடுத்தா உங்க வாசல்ல வந்து நிப்பேனா? ஃபேன், மிக்ஸி, வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணச் சொல்லித் தர்றாங்களாம். ஆறு மாசம். முடிச்சா வேலைக்கும் அவங்களே அனுப்புறாங்க. குருவிக்கு அதுன்னா உசிரு. என் இஸ்திரிப்பெட்டி சூடு ஏறலைன்னா நான் எந்தக் கடைக்கும் தூக்கிட்டு ஓடுறதில்லை, அவளே கழட்டி மாட்டிடுவா. பதினேழு முடியாதவங்களைத்தான் சேர்ப்பாங்களாம். அடுத்த மாசம் அவளுக்குப் பதினேழு முடியுது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட மனு வாங்குறதை நிறுத்துறாங்க. இதை விட்டா காலத்துக்கும் என்னை மாதிரி அடுத்தவங்க சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

— நகராட்சியிலயே கொஞ்சம் பேசிப் பார்க்கலாமே.

— நாலு தடவை போயாச்சு. ஜன்னல்ல உட்கார்ந்திருக்கிற அம்மா நல்ல மாதிரிதான். இவளையும் பார்த்தாங்க, கம்ப்யூட்டரையும் பார்த்தாங்க. 'இந்தப் பொண்ணு இப்ப வகுப்புல இருக்கு'ன்னாங்க. இதோ உங்க முன்னாடி நிக்கிறாளேம்மான்னேன். 'நிக்கிறது தெரியுது, ஆனா வகுப்புல இருக்கு'ன்னாங்க. பயிற்சி எங்க நடக்குதுன்னு கேட்டேன், நேர்ல போய்க் கால்ல விழலாம்னு. சேர்ந்த பிறகுதான் சொல்வாங்களாம். கல்வி ஆபீஸுக்குப் போனா நகராட்சியைக் கேளுங்கிறாங்க. நகராட்சிக்குப் போனா கல்வி ஆபீஸைக் கேளுங்கிறாங்க. ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்ட படம் மட்டும் ரெண்டு ஆபீஸ் சுவத்துலயும் மாட்டியிருக்கு.

— வேற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறிட்டான்னு வேணா ஒரு தாள் தர்றேன்.

— அப்ப அந்த ஊர் வகுப்புல இருக்கான்னு சொல்வாங்க. எத்தனை வகுப்புல சார் ஒரு பிள்ளை உட்காரும்?

— கோபம் நியாயம்தான்.

— கோபம் இல்லை. அந்த அம்மா திரையைத் திருப்பிக் காட்டினாங்க. நீங்க எங்க வீட்டுக்கு மூணு தடவை வந்திருக்கீங்களாம்.

— அது படிவம்மா. மாசக் கடைசியில மொத்தமா எழுதுறது.

— 'சித்தி அன்போடு வரவேற்றுப் பேசினார்'னு போட்டிருக்கீங்க. நிஜமா வந்திருந்தா அப்படி வரவேற்றிருப்பேனான்னு எனக்கே சந்தேகம். மார்க்கும் இருந்துச்சு. கணக்குல அறுபத்திரெண்டு. ஒழுங்கா வந்துட்டிருந்த காலத்துல முப்பதைத் தாண்டலை. வராம இருந்தே பிள்ளை தேறிடுச்சு. அவகிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் சாப்பாடு வேண்டாம்னு போய்ப் படுத்துட்டா.

— போன வருஷம் ஒரு நாள் 'வரலை'ன்னு போட்டேம்மா. ஒரே ஒரு நாள், வராத பிள்ளைங்க அத்தனை பேருக்கும். சாயங்காலமே தலைமையாசிரியர் கூப்பிட்டார். சத்தம் போடலை. பாதி கட்டின தண்ணித் தொட்டியைக் காட்டி, 'இது இப்படியே நிக்கட்டுமா?'ன்னு கேட்டார். வர்ற பிள்ளைங்களும் தண்ணி குடிக்கணும் இல்லையா? நானே அழிச்சு எழுதினேன்.

— அந்த மாசம்தான் ஒரு பிள்ளையும் விடாத பள்ளிக்கூடம்னு கேடயம் வாங்கினீங்க. உங்க வெள்ளைச் சட்டை என் கடைக்குத்தான் வந்தது. மேடை ஏறப் போறேன், கஞ்சி கொஞ்சம் விறைப்பா இருக்கட்டும்னு நீங்களே சொல்லிட்டுப் போனீங்க. அதை மடிச்சுக் குடுத்தது குருவிதான்.

— எனக்குத் தெரியாதும்மா.

— வணக்கம் சார்னா. யாரோ கடைப் பொண்ணுன்னு சில்லறையை நீட்டுனீங்க. அன்னைக்கும் இங்க ஆஜர்தான் அவ.

— நல்லா வளர்ந்துட்டா போல. சத்தியமா அடையாளம் தெரியலை.

— அடையாளம் தெரியலைன்னாலும் பரவாயில்லை. ஒரு வரி எழுதுங்க. கேடயத்தை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.

— அது ஒரு வரியோட நிக்காதும்மா. அவளுக்கு எழுதினா மீதி இருபத்தொம்பது பேருக்கும் எழுதணும். ரெண்டு வருஷமா வந்தவ எப்படி வராதவ ஆனான்னு கேப்பாங்க. கையெழுத்து எல்லாம் என்னோடது. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க படிக்குதும்மா.

— நிஜமாவா, இல்லை ரிஜிஸ்டர்லயா?

— கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கடிதம் மட்டும் முடியாது.

— சரி. அப்ப நானும் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நாளைக் காலையிலேர்ந்து குருவி வகுப்புக்கு வருவா. யூனிஃபார்ம் பத்தாது, இன்னைக்கே தைக்கக் குடுக்கிறேன். எங்கக்காவைக் கடையிலயே ஒரு கட்டில் போட்டு நான் பார்த்துக்கிறேன். தொழில்தான் இல்லைன்னு ஆச்சு, படிப்பாவது கிடைக்கட்டும். நீங்க எழுதினதும் பொய்யில்லைன்னு ஆகிடும்.

— அவசரப்படாதீங்கம்மா.

— இதுலயும் குறையா? பேர் இருக்கு, நம்பர் இருக்கு, மார்க்கூட இருக்கு. பிள்ளை மட்டும்தான் பாக்கி. அதையும் கொண்டாந்து விடறேங்கிறேன்.

— உட்கார இடம் இல்லைம்மா.

— முப்பது பிள்ளைங்க வரலைன்னா முப்பது இடம் காலியா இருக்கணுமே.

— பி பிரிவுல நிஜமா வர்றது ஒம்பது பேர். அவங்களை ஏ பிரிவோட சேர்த்தாச்சு. நாலு பேர் உட்கார்ற பெஞ்சுல ஆறு பேர் உட்கார்றாங்க. போன வாரம் ஒருத்தனை ஜன்னல் ஓரம் நின்னுக்கிட்டே எழுதச் சொன்னேன்.

— அப்ப பி பிரிவு ரூம் என்ன ஆச்சு?

— நகராட்சிக்குக் குடுத்துட்டோம். காலியா இருக்கிற ரூமைக் குடுக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கு.

— எல்லாரும் வர்றாங்கன்னு எழுதிட்டு, ரூம் காலின்னும் எழுதுனீங்களா?

— அது வேற படிவம்மா.

— அந்த ரூமை வெச்சு நகராட்சி என்ன பண்ணுது?

— மோட்டார், மேஜை, கருவி எல்லாம் இறக்கியிருக்காங்க, பெட்டியே பிரிக்கலை. ஒரு மாஸ்டரையும் போட்டிருக்காங்க. பாவம், தினமும் வந்து பூட்டைத் திறக்கிறார், சாயங்காலம் வரைக்கும் தனியா உட்கார்ந்துட்டுப் போறார். அதுதாம்மா உங்க பயிற்சி மையம். சேர்க்கிறதுக்குப் படிப்பை விட்ட பிள்ளை ஒண்ணுகூட இந்த ஊர்ல இல்லையாம்.