ஒன்பதாம் போர்ட்டில் இரண்டு எண்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, அக்காளை இழந்து நிற்கும் தம்பி வஜ்தி அவர்களே, வேலைக்கு நடுவே சீருடையோடு ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, தமியெத்தா நகரத்துப் பெரியோர்களே, உங்கள் அனைவர்மீதும் சாந்தி உண்டாகட்டும்.

நம் மருத்துவமனையின் கணினிப் பொறியாளர் இன்ஷிராஹ் அல்-தஸூகி அவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அந்த நாலு வார்த்தையை இங்கே எத்தனை பேர் பேசினோம்? 'சந்தேகக்காரி' என்றல்லவா பெயர் வைத்தோம்! அவர் தாழ்வாரத்தில் வந்தால் கணினித் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டோம். அப்படித் திருப்பியவர்களில் முதல் ஆள், ஆவணப் பிரிவின் தலைவனாகிய இந்த ஷௌகிதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கோடைகாலம் உங்களுக்கு நினைவிருக்கும். நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் வெளியே போய்க்கொண்டிருந்தன. ஒரு மீனவரின் மனைவி, தனக்குப் புற்றுநோய் என்பதை மருத்துவர் வாயால் கேட்கவில்லை. ஏதோ ஒரு தனியார் மருத்துவ மையத்தின் தரகன் தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்! அதன்பிறகு நம் தேநீர் அறையில் யார் உள்ளே நுழைந்தாலும் பேச்சு நின்றது. எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம். கடைசியில் எல்லார் பார்வையும் ஆவணப் பிரிவு எழுத்தர் கௌகப்பின் மேல் போய் நின்றது. எல்லா முடிவுகளும் அவர் கணினிக்குத்தானே வருகின்றன!

என் உதவியாளன் முஃதஸிம் சொன்னான்: "அவளைத் தவிர வேற யாரு உஸ்தாத்? புது ஃபோன் வெச்சிருக்கா, கவனிச்சீங்களா?"

நான் கவனித்தேன். பணி நீக்க உத்தரவில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் இன்ஷிராஹ் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு எடுத்ததை யாராவது பாத்தீங்களா?"

"பாக்க என்ன இருக்கு? எல்லாம் அவ கணினியிலதானே கிடக்கு!"

"கணினியில கிடக்கு, சரி. அங்க போய்ச் சேர்ற வழியில?"

எனக்கு விளங்கவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "ஒவ்வொரு கணினிக்கும் தயாரிக்கும்போதே ஒரு எண் குடுத்துடுவாங்க. வயர்களையெல்லாம் சேர்க்கிற சுவிட்ச் பெட்டி, எந்த எண் எந்த போர்ட்டுல, அதாவது எந்த வயர் துளையில இருக்குன்னு ஒரு பட்டியல் வெச்சுக்கும். கௌகப்புக்கு வந்ததை கௌகப்போட வயர்ல மட்டும் விடும். பழைய காலத்து ஹப் பெட்டியும் வயர்களைச் சேர்க்கும், ஆனா அதுக்கு அந்த அறிவு கிடையாது. ஒருத்தருக்கு வந்ததை, மாட்டியிருக்கிற எல்லாருக்கும் கத்திச் சொல்லிடும். நம்ம மென்பொருளும் பழசு, எதையும் பூட்டி அனுப்பாது. நடுவுல ஒரு ஹப்பைச் சொருகினா போதும், உஸ்தாத்."

கௌகப்பின் கணினி ஒன்பதாம் போர்ட்டில் இருந்தது. அந்தப் போர்ட்டுக்கு நேராக ஒரே ஓர் எண்தான் இருக்க வேண்டும். சுவிட்சின் பட்டியலில் இரண்டு இருந்தன! கௌகப் வீட்டில் அழுதுகொண்டிருந்தார். அந்த இரண்டாவது எண்ணோ பகல் ஒரு மணிக்கு வந்து ஒன்றரைக்கு மறைந்துகொண்டிருந்தது. பேசாமல் இருக்கும் இயந்திரத்தைச் சுவிட்ச் சில நிமிடங்களில் மறந்துவிடும் என்பதால் வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. இன்ஷிராஹ் உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு ஏணியைப் போட்டுக் கூரைப் பலகையை நீக்கினார். காவலாளி கீழே நின்று கேட்டார்: "என்னங்க பொறியாளரம்மா, மேல பூனை குட்டி போட்டிருக்கா?"

"பூனைதான். பால் குடிக்கிற பூனை."

அங்கே இருந்தது ஒரு பழைய ஹப். சுற்றிலும் விரல் தடிமனுக்குத் தூசி; அதன்மேல் மட்டும் தூசி இல்லை! அதிலிருந்து புறப்பட்ட இன்னொரு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது எங்கே இறங்கியது தெரியுமா? என் அறையில், என் அலமாரிக்குப் பின்னால்!

கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "ஒரு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன். என்னையா சந்தேகப்படறே?"

"ஆமா."

"ஆமாவா?"

"உங்களை மட்டும் விட்டுட்டுத் தேடினா, கௌகப்புக்கு நாம செஞ்ச அதே அநியாயம்தானே உஸ்தாத்? அதுல அவ ஒருத்திய மட்டும் பிடிச்சோம், இதுல உங்க ஒருத்தரை மட்டும் விட்டுடுவோம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பதில் சொன்னேன். ஒரு மணிக்கு நான் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போவேன். இன்னொரு சாவி முஃதஸிமிடம் இருக்கும்.

அவர் வயரைப் பிடுங்கவில்லை. யாரிடமும் வாய் திறக்கவுமில்லை. வியாழக்கிழமை ஒன்று பத்துக்கு இரண்டாவது எண் வந்தது. இயக்குநரோடு போய்க் கதவைத் திறந்தார். என் நாற்காலியில் முஃதஸிம்! மடியில் மடிக்கணினி, வாயில் பாதி கடித்த ரொட்டி.

"ஃபைல் தேடிட்டிருந்தேன்..."

"வயருக்குள்ளயா?" என்றார் இன்ஷிராஹ்.

அவன் நீதிமன்றத்துக்குப் போனான். கௌகப் வேலைக்குத் திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றுதான் சொன்னார்: "கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு கேள்வி கூடக் கேக்கலையே, உஸ்தாத்." இன்ஷிராஹ் கேட்ட கேள்விகள் எனக்கு எரிச்சலூட்டின, நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒரு பெண்ணின் மானத்தை வாங்கியது. இப்போது சொல்லுங்கள், எங்கள் இருவரில் யார் சந்தேகக்காரர்?

நண்பர்களே, இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஹப்பைத் தனியாக ஏறி மாட்டியதாக முஃதஸிம் நீதிமன்றத்தில் சொன்னான். அதை இன்ஷிராஹ் கடைசிவரை நம்பவில்லை. "நாற்காலி மேல ஏறினாலே கால் நடுங்குறவன் அவன்" என்பார். சென்ற மாதம் அவருடைய இதயம் நின்றுபோன அந்தக் காலையிலும் அவனுக்குத் துணைபோன ஆளைத் தேடிச் சுவிட்சின் பட்டியல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முஃதஸிம் ஹப்பை மாட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றது யார்? அந்த ஆள் இந்த அரங்கில் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். இருந்தால், கேட்டுக்கொள்ளட்டும்!

பொறியாளர் இன்ஷிராஹ் போய்விட்டார். அவருடைய வேலை நிற்காது. மூன்றாண்டுகள் அவரிடம் தொழில் கற்ற கௌகப் இனி அவருடைய சுவிட்ச் அறைக்குப் பொறுப்பு. ஒவ்வொரு சுவிட்சையும், ஒவ்வொரு போர்ட்டையும் மாதந்தோறும் பார்ப்போம். எவர் பதவிக்கும் விலக்குத் தரமாட்டோம். இது நான் இந்தச் சபையில் கொடுக்கும் வாக்கு.

கௌகப், நாளைக் காலை ஏழு மணிக்கு வாருங்கள். முதலில் என் அறையைச் சோதியுங்கள்.