பாறையில் ஏழு செடிகள்

செடியை வேரோடு எடுக்க வேண்டும் சார். முதல் வருட மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். வேர் இல்லாத செடியை எங்கள் துறையில் யாரும் சீந்த மாட்டார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். களையெடுக்கையில் ஒவ்வொரு களைக்கும் பேர் கேட்டு அம்மாவை நச்சரிப்பேன். "பேரு தெரிஞ்சு என்ன செய்யப்போற, பிடுங்குடா" என்பாள். அந்தக் கிறுக்குதான் என்னை மதுரைக்கு, தாவர வகைப்பாட்டு ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்து விட்டது. ஐந்து வருடம் பாறை பாறையாக ஏறினேன். புதிதாக ஒன்றும் அகப்படவில்லை.

ஆஷ்லின் எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மேலூர்ப் பக்கத்துக் குன்று ஒன்றில் ஊதாப் பூச்செடியைப் பார்த்து, போட்டோ மட்டும் எடுத்து வந்து முதலில் என்னிடம் காட்டினாள்.

"எந்தப் புத்தகத்துலயும் இல்லண்ணே. மொத்தமே ஏழுதான் நிக்குது. விதை விழட்டும்னு பிடுங்காம வந்துட்டேன்."

நல்ல பிள்ளை. ஆனால் புதிய இனத்தை அறிவிக்க, உலர்த்திய செடி ஒன்று சான்றாகக் கையில் வேண்டும். செடிக்கு நம் பெயரையே வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. முதலில் அறிவித்தவர் பெயர் அதன் பின்னால் காலத்துக்கும் நிற்கும். மறுநாளே பஸ் ஏறினேன். ஒன்று போதும்தான். ஏழையும் எடுத்தேன்.

அடுத்த வாரம் விதை பொறுக்க என்னையும் கூட்டிப் போனாள். காலையில் பெய்த மழையில் பாறை நனைந்து கிடந்தது. வெறும் குழிகளைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஆடு இப்படி மேயாதுண்ணே. வேரு அறாம எடுத்திருக்காங்க. நம்மள மாதிரி படிச்ச ஆளு."

பிறகு என் முகத்தையே பார்த்தாள்.

"அங்கன கீழ, விளிம்புல ஊதாவா என்னமோ தெரியுது பாரு" என்றேன்.

முந்தின வாரம் அதே இடத்தில்தான் நான் சறுக்கி, விழப் பார்த்துப் பிழைத்தேன். அவள் ஆசையோடு இறங்கினாள். நான் கை வைக்கவில்லை சார். அங்கே பூ எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

செடிகளை உலர்த்தி ஒட்டிய தாளில் தேதியை மாற்றி எழுதியிருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள். ஏழையும் எடுத்தது அவள் விழுவதற்கு ஆறு நாள் முன்பு என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதில் பொய் எழுத எனக்குக் கை வராது.

செடிக்கு ஆஷ்லின் பெயரைத்தான் வைத்தேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இனி யார் எழுதினாலும் அவள் பெயர் முதலில், என் பெயர் அதற்குப் பின்னால்தான். என் பெயர்தான் எனக்குப் பெரிது என்றால் அப்படிச் செய்திருப்பேனா, நீங்களே சொல்லுங்கள்.