இஞ்சி சோடா

எனக்கு ஸ்காட்ச்சும் ஒன்றுதான், டாஸ்மாக் பிராந்தியும் ஒன்றுதான். பதினாறு வயதிலிருந்து இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் இடத்தில், பிளீச்சிங் நெடியில் நிற்கிறேன். மூக்கு எப்போதோ போய்விட்டது. வேலை முடிந்தால் முதுகுவலி தெரியக் கூடாது. அதற்கு எது கிடைத்தாலும் சரி.

பாலகணேஷ் அப்படி இல்லை. அதே கம்பெனியில் என்னோடு ஈரத்துணி சுமந்தவன்தான், ஆனால் நாக்கு வேறு. கப்பலில் வேலை பார்க்கும் ஜெபின் லீவில் வரும்போது நாலைந்து பாட்டில் கொண்டுவருவான். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் அவனுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே பம்புசெட் ரூமில் உட்காருவோம்; அவன் கப்பலில் இருக்கும்போது நாங்கள் இருவர் மட்டும். பெயர் தெரியாதபடி பாட்டில்களில் பேண்டேஜ் துணியைச் சுற்றிவிட்டு ஊற்றிக் கொடுப்பான் ஜெபின். பாலகணேஷ் ஒரே மடக்கில் பெயரைச் சொல்லிவிடுவான்.

"இது டிஞ்சர் வாசம்லே. நம்ம துணியக் கட்டி ரெண்டு நாளான புண்ணு மாதிரி. இதான் ஒசத்தி."

"பாண்டி, நீ சொல்லுலே" என்பான் ஜெபின் என்னிடம்.

"அவன்ட்ட எதுக்குக் கேக்க? பிளீச்சிங் தண்ணிய ஊத்திக் குடுத்தாலும் ஊறுகா எங்கன்னுதான் கேப்பான்" என்பான் பாலகணேஷ்.

சிரிப்போம். நானும் சிரிப்பேன். பின்னால் நான் செய்தது அந்தக் கேலிக்காக இல்லை.

போன வருடம் அவனுக்குக் கல்லீரல் கெட்டது. இனி குடித்தால் ஆள் தங்காது என்று மதுரையில் டாக்டர் சொல்லி அனுப்பினார். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவதை மட்டும் விடவில்லை. இஞ்சி சோடாவோடு எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"மாத்திரை முழுங்குனதுல நாக்கு செத்துப்போச்சுலே. நேத்து பால்கோவா திங்கேன், சுண்ணாம்பு மாதிரி இருக்கு. இந்தச் சோடாவுல காரம் மட்டுந்தான் தெரியுது. இப்ப நானும் உன் கட்சிதாம்ல" என்றான் என்னிடம்.

ஒன்பது மாதம் அப்படி இருந்தான். முகம் தெளிந்தது. குடிக்காத ஒருவன் எதிரே இருந்தால், நாம் எத்தனையாவது தடவை ஊற்றுகிறோம் என்று நமக்கே தெரிகிறது. வீட்டுக்குப் போனால் என் மனைவி மாரீஸ்வரியும் அதையேதான் சொன்னாள். "அந்த அண்ணன் விட்டுட்டாகள்ல? அவியளும் ஒங்க கூட சொமந்தவியதான?"

நானும் விட்டுப் பார்த்தேன். நாலாம் நாள் கை நடுங்கி, ஒரு சுருள் துணியைக் கழிவுநீரில் போட்டேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விட்டேன். எங்களை மாதிரி ஆட்களால் விட முடியாது. அதுதான் உண்மை. அவன் ஒருத்தன்தான் அதைப் பொய்யாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது லீவில் வந்திருந்த ஜெபினிடம் ஒரு வோட்கா இருந்தது. நிறம் கிடையாது. வாசமும் கிடையாது, இதை எதற்குக் குடிக்க என்று பாலகணேஷே முன்பு ஒதுக்கித் தள்ளியது. சோடா உடைத்து டம்ளரில் ஊற்றித் தருவது என் வேலை. முதல் வாரம் அவன் சோடாவில் ஒரு மூடி கலந்தேன். பிறகு இரண்டு. ஜெபினுக்கு இதில் சம்பந்தமில்லை.

"இன்னைக்குக் காரம் சாஸ்தியா இருக்குலே."

"இஞ்சி கூடுதலா போட்டிருப்பான்" என்றேன்.

மூன்றாம் வாரம் பழையபடி வாய் விட்டுச் சிரித்தான். "உங்க கூட உக்காந்தாலே போதும்லே. குடிக்காமலே கிறக்கமா இருக்கு." பிறகு மதியம் வருகிறவன் காலை பத்துக்கே வந்து காத்திருந்தான். வேலை விட்டுப் போகும் வழியிலும் சோடா கேட்டான். ஜெபின் கப்பலுக்குத் திரும்பிய பிறகு நானே வாங்கி ஊற்றினேன். நாலு மாதத்தில் கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இவர் குடித்திருக்கிறார் என்று அவன் மனைவி வேலுத்தாயிடம் சொன்னார்கள். "இல்லட்டி, சத்தியமா இல்ல" என்றான் அவன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கட்டில் பக்கத்தில் கஞ்சித் தூக்கோடு நின்றிருந்தேன். இரண்டு நாள் கிடந்தான். இரண்டு நாளும் அவள் அவனோடு பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து என்னிடம் கேட்டாள். "அண்ணே, நீங்க கூடவே இருந்தீக. அவிய குடிச்சாகளா?"

"ஆமா தங்கச்சி" என்றேன். அது பொய் இல்லை.

சத்தியம் பொய்த்ததால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று மகளைக் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைகிறாள். மாரீஸ்வரி இப்போது என்னிடம் குடியை விடச் சொல்வதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

எனக்கு மனதில் பாரம் ஒன்றும் இல்லை. துணி சுற்றிய பாட்டிலின் பெயரை ஒரே மடக்கில் சொன்ன நாக்கு அது. முதல் ஞாயிறே அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் குடித்தான்.