சோடா குடிச்சுக்கொண்டே பேசின தலைவர்

...அப்ப நான் ஆர்? கள்ளனே? அக்காவின்ரை வீணையை உரும்பிராயிலையிருந்து கொண்டுவந்து இறக்கினவன் நான், யாகோப்பண்ணை! பஸ்ஸிலை வீணை இருந்து வந்தது, நான் நிண்டு வந்தனான். இப்ப பாருங்கோ, வீணை உள்ளுக்கை, நான் வெளியிலை! இந்தத் தேவாலயத்துக்குக் காவல்காரர் நீங்கள்தானே, நியாயத்தைச் சொல்லுங்கோ! சும்மா தலையை ஆட்டாதேங்கோ...

பத்மாசினி அக்கா இண்டைக்குத்தான் முதன்முதலாச் சபையிலை வாசிக்கிறா. ஒரு பாட்டெண்டாலும் நான் கேக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்.

பிழை முழுக்கத் தலைவர் சீவரத்தினம் ஐயாவிலைதான். தலைமையுரை எண்டு எழும்பினவர், "ஒல்லாந்தர்... கட்டிய... இந்தக் கோட்டைக்குள்ளே..." எண்டு கோட்டையை ஒவ்வொரு கல்லாத் திருப்பிக் கட்டத் தொடங்கீட்டார்! போதாததுக்கு உந்தத் தேவாலயத்து முகட்டிலை எதிரொலி. அவர் ஒருக்காச் சொன்னால் அது இன்னொருக்காச் சொல்லுது! அக்காவுக்கு வீணையைப் பிடிச்சபடி முகம் கறுத்துப்போச்சு. சனம் பஸ்ஸுக்கெண்டு செருப்புத் தேடுது. முன்வரிசையிலை இருந்த குணலட்சுமி மாமி மூக்காலை, "எடியே, காயப்போட்ட கொத்தமல்லி அள்ளேல்லையடி, பனி விழப்போகுது..." சிரியாதேங்கோ அண்ணை, அவவின்ரை குரல் அப்பிடித்தான்.

அந்நேரம் பாத்து ஆரோ பிரசங்கபீடத்துக்குப் பின்னாலை நிண்டு, ஐயாவின்ரை குரலிலையே, "இத்துடன்... என் உரையை... நிறைவு செய்கின்றேன்..." ஆரோதான்! ஐயா முகட்டை அண்ணாந்து பாத்தார். தான் சொன்னதுதான் திரும்பி வருகுதாக்கும் எண்டு நினைச்சு, கும்பிட்டுப்போட்டு இருந்திட்டார்! என்ன கைதட்டு! ஆளுக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேல்லை.

அதோடை நிப்பாட்டியிருக்கலாம்... ஓம், நான்தான். சரி. அக்கா சுதி சேர்க்குமட்டும் என்ரை வாய் சும்மா கிடக்கேல்லையே! "வந்தோர் அனைவர்க்கும்... வடையும் தேநீரும்... பின்புறத்தில்..." எண்டு ஐயாவின்ரை குரலிலையே இன்னொண்டு விட்டன். பாதிச் சனம் எழும்பீட்டுது! ஐயா எண்டால் சோடாப் போத்திலை அண்ணாந்து பிடிச்சிருக்கிறார். வாயிலை சோடா, முகட்டிலை பேச்சு! பிறகென்ன, காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து உங்களிட்டைத் தந்திட்டினம்.

ஸ்ஸ்... கேளுங்கோ! வீணை... தொடங்கீட்டா! அண்ணை, ஒரு பாட்டு. வாயே திறக்கமாட்டன், சத்தியமா...

"யாகோப்பு! அந்தப் பொடியனை... உள்ளே... விடும்!"

ஐயோ, உது நானில்லை! ஐயாதான் உள்ளுக்கையிருந்து...

என்ன, சிரிச்சுக்கொண்டு எங்கை எழும்பிப் போறியள்? கதவைத் திறந்துபோட்டு? சுருட்டுப் பத்தவோ? போங்கோ, போங்கோ, ஆறுதலாப் பத்தீட்டு வாங்கோ!

அட, வடைக்குப் போன சனமெல்லாம் திரும்பி வந்திட்டுது. ஒரேயொரு கதிரைதான் வெறுமையாக் கிடக்கு... சீவரத்தினம் ஐயாவுக்குப் பக்கத்திலை! பரவாயில்லை. அக்கா என்னைக் கண்டிட்டா. ரெண்டு கையும் வீணையிலை, புருவத்தாலை வெருட்டுறா...

ஓம் அக்கா, ஓம். பொத்தீட்டன்.