பூஜையில் வைத்த லேப்டாப்

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கினால் மூட்டையைக் கடைசி நேரம் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது மேடம். முன்னாடியே அவிழ்த்தால் நமுத்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த சாப்ட்வேர் ஆபீசில் பொரி, வாழைக்கன்று, சந்தனம் எல்லாம் என் பொறுப்பு. நான் அங்கே ஹவுஸ்கீப்பிங். பெயர் வேம்புலி. ஆனால் அங்கே என் பெயரை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் நான் அண்ணா.

என் மகள் சுரேகாவுக்கும் அங்கே நான் அண்ணாதான்.

இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் அந்த ஆபீசில் சேர்ந்த பிறகுதான் காண்டிராக்டர் என்னை அங்கே போட்டார். பூந்தமல்லி குடோனில் கன்டெய்னர் லோடு இறக்கி என் இடுப்பு போயிருந்தது. வேறு வேலை கிடைக்கவில்லை. முதல் நாள் காலையில் திருநின்றவூர் ஸ்டேஷனில் வைத்துச் சொன்னாள். "நைனா, கொஞ்ச நாளிக்கு என்னைத் தெரியாத மாதிரி இருந்துக்கோ. வேலை நெலையாவட்டும், நானே எல்லாருக்கும் சொல்றேன்."

சரி என்றேன். ஒரே ரயில்தான், அவள் லேடீஸ் பெட்டியில் ஏறுவாள், நான் பின்னால் ஏறுவேன். ஆபீசில் "அண்ணா, தண்ணி கேன் மாத்தணும்" என்பாள். மாற்றுவேன். வீட்டுக்கு வந்ததும் என் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அவள் வேலை நிலையானது. அதற்கப்புறமும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

என்னோடு வேலை செய்த ராணி ஒருநாள் கேட்டது. "இன்னா அண்ணாத்தே, அந்தப் பொண்ணு போறப்பல்லாம் தொடப்பத்த நிறுத்திட்டு நிக்கிற?"

"எம் பொண்ணு மாதிரி கீது."

"மாதிரியாம் மாதிரி. உனுக்குன்னு ஒரு பொண்ணு இருந்தா இந்நேரம் உன்ன குந்த வெச்சு சோறு போட்டிருக்கும்."

நான் சிரித்துவிட்டு மாப்பைப் பிழிந்தேன்.

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் சுரேகாதான். கொரோனாவில் லோடு நின்றுபோய் நான் வீட்டில் கிடந்தேன். அவள் காலேஜ் லேப்டாப்பை என் மடியில் வைத்து முதலில் என் பெயரை இங்கிலீஷில் அடிக்க வைத்தாள். பெயர், பிறகு நட்சத்திரக் குறி, பிறகு எங்கள் வீட்டுக் கதவு எண். "இத மட்டும் அடிச்சுப் பழகு நைனா. பொட்டி தன்னால தொறக்கும்." அதைத்தான் லேப்டாப்புக்குப் பூட்டாக வைத்திருந்தாள். தமிழ் எழுத்து அதற்கப்புறம் வந்தது. இந்தக் காகிதத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது, அவளுடையது இல்லை.

அவள் செய்யும் வேலையையும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுவாள். அவர்கள் எழுதும் சாப்ட்வேரை, அது ஓடுவதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்து ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்களாம். அதற்கும் கன்டெய்னர் என்றே பெயர். யார் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் உள்ளே அதே சாமான் அதே வரிசையில் இருக்கும். பெட்டிக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ரகசியச் சாவியை மட்டும் வைக்கக் கூடாது. சாவி என்றால் ஒரு நீளமான எழுத்துக் கோவை. அது கிளவுடில், அதாவது எங்கேயோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில், ஒரு பெட்டகத்தில் இருக்கும். பெட்டி கேட்டால் பெட்டகம் கொடுக்கும். மனுசர் கையில் படக் கூடாது.

"எங்க டிரைவருங்க மாத்துச் சாவிய வண்டிக்கு அடியிலயே கம்பி போட்டுக் கட்டியிருப்பானுங்க" என்றேன்.

"ஐயோ நைனா, அதத்தான் செய்யக் கூடாதுங்கிறேன்" என்று சிரித்தாள். "சாவி வெளிய போச்சுன்னா அவ்ளோதான். அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்க."

இதை நான் மனதில் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் மறக்கவும் இல்லை.

புரட்டாசியில் அவளுக்குப் புனே ஆபீசில் பெரிய வேலை வந்தது. "நீயும் வந்துடு நைனா" என்றாள். அங்கேயும் தண்ணி கேன் மாற்றணுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அழுதாள். அம்மா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, வெளியூரில் தனியாக என்ன செய்வாள் என்ற கவலை எனக்கு. அவள் நல்லதுக்குத்தான் யோசித்தேன்.

பூஜை அன்றைக்கு மேனேஜர் தினகரன் எல்லா லேப்டாப்பையும் சாமி முன்னால் அடுக்கச் சொன்னார். "அண்ணா, என்னுத சாமி பக்கத்துல வைங்க. போன வருஷம் ஓரமா வெச்சீங்க, சாமி என்னைக் கண்டுக்கவே இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். கற்பூரம் காட்டிய பிறகு சொன்னார். "நாளைக்குக் காலைல வரைக்கும் எவனும் லேப்டாப்பத் தொடக் கூடாது. தொட்டா சரஸ்வதிக்குக் கோவம் வரும், எனக்கும் வரும்." பொரியை வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். பூஜை அறையைப் பூட்டும் வேலை எனக்கு.

பூட்டுவதற்கு முன்னால் சுரேகாவின் லேப்டாப்பைத் திறந்தேன். என் பெயர், நட்சத்திரம், கதவு எண். ஆபீஸ் லேப்டாப்புக்கு வேறு ஏதாவது வைத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். திறக்காவிட்டால் வீட்டுக்குப் போயிருப்பேன். திறந்துகொண்டது. இத்தனை நாளும் அந்த ஆபீசில் தினமும் காலையில் அவள் என் பெயரைத்தான் அடித்திருக்கிறாள்.

கண்ணில் தண்ணீர் வந்தது, கற்பூரப் புகையாக இருக்கலாம்.

பூஜைக்குக் கூப்பிட்டதும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தாள் போல. பெட்டகத்தின் பக்கம் திறந்தபடியே இருந்தது. கண் படம் போட்ட பொத்தானைத் தட்டினால் சாவி தெரியும் என்று அவள் வீட்டில் வேலை செய்யும்போது பார்த்திருக்கிறேன். எடுப்பதற்கு இரண்டு பொத்தான், ஒட்டுவதற்கு இரண்டு பொத்தான், அதுவும் அவள் கற்றுத்தந்ததுதான். அவர்கள் கன்டெய்னரைப் பற்றி ஊரிலுள்ளவர்கள் எல்லாம் கேள்வி கேட்கிற பொதுப் பக்கம் ஒன்று உண்டு. அதில் அவள் பதில் எழுதுகிற கட்டத்தில் சாவியை ஒட்டினேன். அனுப்பினேன். மூடி வைத்து, மேலே கலைந்திருந்த சந்தனப் பொட்டைச் சரிசெய்தேன்.

இப்படி வெளியே விழும் சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே எங்கேயோ மெஷின்கள் சுற்றுகின்றனவாம். அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் லேப்டாப்பின் பொட்டைத் துடைத்துத் திறந்தபோது யாரோ அந்தச் சாவியால் உள்ளே புகுந்து கிளவுடில் இருந்ததையெல்லாம் அழித்திருந்தார்கள். எச்சரிக்கை போனுக்கு வந்திருக்கிறது, பண்டிகையில் யாரும் கவனிக்கவில்லை.

அந்த சாப்ட்வேரை வைத்துத்தான் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் சென்டர்கள் நடந்தன. யாருக்கு எப்போது முறை, எவ்வளவு மருந்து, எல்லாம் அதில்தான். அன்றைக்கு வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேப்பம்பட்டிலிருந்து வந்த கன்னியம்மா என்கிற அம்மாவையும் அனுப்பினார்கள். அவருக்கு அந்த நாளை வரவே இல்லை. ஏற்கெனவே முடியாதவர் என்று கேள்விப்பட்டேன்.

சுரேகாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பெயரில் போயிருக்கிறது, அவள் திறந்துவிட்டு வந்த பக்கம். அவசரத்தில் தானே எதையோ மாற்றி ஒட்டிவிட்டதாக நம்பிவிட்டாள். கன்னியம்மா வீட்டு வாசலில் சுரேகா போய் உட்கார்ந்திருந்தாளாம். அந்த வீட்டுக்காரர்கள்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டார்கள்.

இப்போது புனே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். "நான் ஒரு உசுர எடுத்துட்டேன் நைனா" என்கிறாள். தலையைத் தடவிக்கொடுப்பேன்.

நீங்கள் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதால் இதை எழுதுகிறேன் மேடம். அவள் செய்யவில்லை. நான் செய்தேன். கேஸ் என் பெயரில் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் காகிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். நான் அவளுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லுங்கள். தப்பு தன்னுடையது என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தால் புழல் ஜெயிலுக்கு என்னைப் பார்க்க வருவாள். அங்கே வாசலில் அத்தனை பேர் நடுவில் வரிசையில் நிற்க வைத்து, யாரைப் பார்க்கணும், என்ன உறவு என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறந்து சொல்லித்தானே ஆக வேண்டும்.